இஞ்சியை அடுப்படிக்கு அனுப்பிய வைத்தியர்: யார் இந்த லீ ஷிஜென்?

சளி, இருமல், அஜீரணம், தலைவலி. இதுக்கெல்லாம் டாக்டரைப் பார்க்கப் போகணுமா, அடுப்படியில் இருப்பதைப் போட்டு ஒரு கஷாயம் வைத்தால் போதாதா? எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கும் கேள்வி இது. சீனாவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வைத்தியரின் வாசலில். அவர் பெயர் லீ ஷிஜென்.

சீன மூலிகைக் கடைகளில் அவர் படம் தொங்கும். பாடப்புத்தகத்தில் பெயர் வரும். 1956இல் அவர் வாழ்க்கை சீனாவில் திரைப்படமாகவும் வந்தது. அவர் எழுதிய 'பென்சாவ் காங்மு' என்ற மருந்துப்பொருள் களஞ்சியத்தில் 1,892 பொருட்களும் 11,096 மருந்துக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆனால் அந்த நூல் முழுசாக அச்சாகி வெளிவந்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அப்படி என்ன செய்தார் இவர்? அவர் சொன்ன கை வைத்தியத்தை இன்றைக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்ப்போம்.

மணி ஆட்டி வைத்தியம் பார்த்த குடும்பம்

லீ ஷிஜென் பிறந்தது 1518இல். ஊர், இன்றைய ஹூபெய் மாகாணத்தில் யாங்சி ஆற்றை ஒட்டிய சிஜோ. அப்போது சீனாவை மிங் வம்சம் ஆண்டுகொண்டிருந்தது.

தாத்தா ஊர் ஊராகப் போய், கையில் மணி வளையத்தை ஆட்டிக்கொண்டே வைத்தியம் பார்த்தவர். மணிச் சத்தம் கேட்டால் வீட்டில் நோயாளி இருப்பவர்கள் வெளியே வந்து கூப்பிடுவார்கள். கையோடு இருக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டியதுதான். சமூகத்தில் இந்தத் தொழிலுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அப்பா லீ யான்வென் ஒரு படி மேலே வந்தார். ஊரிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார், நூல்களும் எழுதினார். அதில் ஒன்று சிஜோ பகுதியில் விளையும் 'ஐ' என்ற செடியைப் பற்றியது. நம்மூர் மாசிபத்திரியின் இனம். அதன் காய்ந்த இலையைப் பஞ்சு மாதிரி இடித்து, உடம்பின் குறிப்பிட்ட இடங்களில் சூடு காட்டப் பயன்படுத்துவார்கள். இந்தச் செடிக்கு சிஜோதான் பேர்போன ஊர்.

நல்ல வைத்தியர்தான். ஆனால் மகனும் இதே தொழிலுக்கு வரக்கூடாது என்பது அப்பாவின் ஆசை. படித்து, அரசுத் தேர்வு எழுதி, அதிகாரியாக வேண்டும். அன்றைய சீனாவில் ஒரு குடும்பம் முன்னேற அதுதான் நேர்வழி.

ஒரு சாதாரண சளியில் ஆரம்பித்தது

14 வயதில் லீ ஷிஜென் முதல் கட்டத் தேர்வில் தேறிவிட்டார். அடுத்தது மாகாணத் தேர்வு. அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 1534இல் எழுதினார், தோல்வி. 1537இல் எழுதினார், மறுபடியும் தோல்வி.

20 வயது வாக்கில் அவருக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. சாதாரண இருமல்தானே என்று பத்தியம் இல்லாமல் இருந்துவிட்டார். அது முற்றிக் காய்ச்சலாக மாறியது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தினமும் கிண்ணம் நிறையக் கோழை வந்தது. தாகம் அடங்கவில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்னென்னவோ மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோய் ஏறியதே தவிர இறங்கவில்லை. பையன் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அப்போதுதான் அப்பாவுக்குப் பழைய நூல் ஒன்றில் படித்த குறிப்பு நினைவுக்கு வந்தது. 'ஹுவாங்சின்' என்ற மஞ்சள் நிற வேர். கூட வேறெதுவும் சேர்க்காமல், அந்த ஒரே வேரை மட்டும் இரண்டு குவளைத் தண்ணீரில் போட்டு ஒரு குவளையாக வற்றவைத்துக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் விட்டது. பிறகு கோழையும் இருமலும் அடங்கின.

பல ஆண்டுகள் கழித்துத் தன் நூலில் ஹுவாங்சின் பற்றி எழுதும்போது, லீ ஷிஜென் இந்தச் சம்பவத்தை அப்படியே பதிவு செய்கிறார். சரியான மருந்து நோயோடு பொருந்தினால் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அவர் தன்னையே உதாரணமாக வைத்தார். சின்ன உபாதை என்று விட்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

1540இல் மூன்றாவது முறையும் தேர்வில் தோல்வி. அதற்கு மேல் அப்பாவும் வற்புறுத்தவில்லை. மகன் வைத்தியத்துக்கு வந்தார்.

அரண்மனைக்குப் போனவர் ஏன் திரும்பினார்?

கைராசிக்காரர் என்ற பெயர் சீக்கிரமே பரவியது. வூசாங் நகரில் இருந்த சூ இளவரசர் அவரைக் கூப்பிட்டுத் தன் மாளிகையில் பதவி கொடுத்தார். இளவரசரின் மகனுக்கு வந்த வலிப்பை அவர் குணப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து பரிந்துரை போய், பெய்ஜிங்கில் பேரரசரின் மருத்துவக் கழகத்தில் வேலை கிடைத்தது.

கிராமத்து வைத்தியருக்கு இதைவிட உயர்ந்த இடம் கிடையாது. ஆனாலும் கொஞ்ச காலத்திலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஜியாஜிங் பேரரசர். சாகாவரம் தரும் மருந்து மீது அவருக்குத் தீராத மோகம். பாதரசம் சேர்த்த ரசவாத மாத்திரைகளைச் செய்து தரும் சாமியார்களுக்கு அரண்மனையில் தனிச் செல்வாக்கு இருந்தது. அந்தச் சூழலில் வேலை பார்த்த அனுபவம் லீ ஷிஜென்னின் நூலில் பாதரசம் பற்றிய பகுதியைப் படித்தால் புரியும். பாதரசத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் சாகாத நிலை கிடைக்கும் என்று பழைய நூல்கள் சொல்லியிருந்தன. அதை அவர் நேரடியாக மறுக்கிறார். உயிராசையில் அதைச் சாப்பிட்டு முடமானவர்கள், செத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை என்கிறார். ரசவாதிகள் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும், மருந்து நூல் பொய் சொல்லலாமா என்பதுதான் அவர் ஆதங்கம்.

மருந்து நூலில் தப்பு இருந்தால் என்ன ஆகும்?

அன்றைக்கு வைத்தியர்கள் நம்பியிருந்த பெரிய மருந்து நூல், சோங் வம்ச காலத்தில் டாங் ஷென்வெய் தொகுத்தது. அதற்குள் ஏறக்குறைய 450 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அதுவும் அதற்கு முந்தைய நூல்களைத் தொகுத்து எழுதப்பட்டதுதான். ஒருவர் செய்த தவறை அடுத்தவர் அப்படியே எடுத்தெழுதுவது வழக்கமாகிவிட்டது.

லீ ஷிஜென் கண்ட தவறுகள் சில:

வேறு வேறான இரண்டு செடிகளை ஒரே தலைப்பில் சேர்த்திருந்தார்கள். ஒரே செடியை இரண்டு பெயரில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பாக்கும் லாங்கன் பழமும் பழ வகை, ஆனால் அவை மரங்களின் பட்டியலில் இருந்தன. இஞ்சியும் வள்ளிக்கிழங்கும் சமைத்துச் சாப்பிடும் காய்கறி, ஆனால் அவை மூலிகைப் பட்டியலில் இருந்தன.

பட்டியலில் எங்கே இருந்தால் என்ன, இஞ்சி இஞ்சிதானே என்று தோன்றலாம். இஞ்சி விஷயத்தில் அது வெறும் ஒழுங்குப் பிரச்சினைதான். ஆனால் இரண்டு செடிகளின் பெயர் மாறிப்போனால் கதை வேறு. நூலைப் பார்த்து வைத்தியர் எழுதிக் கொடுப்பது ஒன்று, கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பது இன்னொன்று, குடிப்பவர் நோயாளி. அதில் ஒன்று விஷச் செடியாக இருந்துவிட்டால், வைத்தியர் செய்த கணக்கு எதுவும் உதவாது.

அதனால் 1552இல், முப்பத்து நான்கு வயதில், எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்ப்பது என்று உட்கார்ந்தார். அரசு ஆணையோ அரசுப் பணமோ இல்லாமல், ஒரு தனி வைத்தியர் தன் வீட்டிலிருந்து எடுத்த வேலை.

பாம்பாட்டியிடம் கேட்டார், எறும்புத்தின்னியை அறுத்துப் பார்த்தார்

27 ஆண்டுகள் ஆயின. 800 நூல்கள் வரை படித்தார். மூன்று முறை முழுசாகத் திருத்தி எழுதினார். மகன்களும் பேரன்களும் சீடரும் கூட நின்று உழைத்தார்கள். படித்ததை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சிஜோ ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பக்கவாதம், சரும நோய்களுக்கு மருந்தாகப் பயன்பட்ட ஒரு விஷப்பாம்பு. அதிகாரிகளே கேட்டு வாங்குவார்கள். தேவை அதிகம், பாம்பு குறைவு. விளைவு? ஆற்றின் தென்கரை மலைகளில் பிடித்த வேறு பாம்புகள் சிஜோ பாம்பு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. லீ ஷிஜென் பாம்பு பிடிப்பவர்களிடமே போனார். உண்மையான சிஜோ பாம்பின் விலாவில் 24 சதுரக் கட்டங்கள் இருக்கும் என்பது வரை அடையாளங்களைக் கேட்டு, பார்த்து எழுதினார்.

எறும்புத்தின்னி தன் செதில்களைத் திறந்து வைத்து எறும்புகளை ஏமாற்றிப் பிடித்து, பிறகு தின்னும் என்று பழைய நூலில் இருந்தது. அவர் ஒன்றின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு படி அளவுக்கு எறும்பு இருந்ததாக எழுதிவைத்தார்.

ஊமத்தைப் பூவைச் சிரித்துக்கொண்டே பறித்து மதுவில் ஊறவைத்தால் குடிப்பவர் சிரிப்பார், ஆடிக்கொண்டே பறித்தால் குடிப்பவர் ஆடுவார் என்று மக்கள் நம்பினார்கள். அதையும் சோதித்தார். பாதி போதை ஏறிய பிறகு, பக்கத்தில் ஒருவர் சிரித்தோ ஆடியோ தூண்டிவிட்டால்தான் அப்படி நடக்கிறது என்பது அவர் கண்டது. அதாவது, மாயம் பறிக்கிறவர் கையில் இல்லை. அந்தப் பூவைக் கொண்டு வலி தெரியாமல் கட்டியை அறுக்கும் முறையையும் குறித்துவைத்தார். ஊமத்தை உயிரைப் பறிக்கும் விஷம் என்பதால் இதை யாரும் வீட்டில் முயற்சி செய்யக்கூடாது.

ஈயச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதியது இன்னும் முக்கியம். எண்ணெய் விளக்கோடு சுரங்கத்துக்குள் போய் மாதக்கணக்கில் வெளியே வராமல் வேலை செய்கிறவர்களுக்குத் தோல் மஞ்சளாகும், வயிறு உப்பும், சாப்பிட முடியாது, பலர் செத்துப்போவார்கள் என்று பதிவு செய்தார். ஒரு தொழில், மனிதனை எப்படி நோயாளி ஆக்குகிறது என்பதற்கு அன்றே எழுதப்பட்ட சாட்சி அது.

மிளகும் டீயும் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பெரிய நூலில் படிக்கச் சுவையான பகுதிகள், அவர் தன் உடம்பைப் பற்றியே எழுதியவை.

அவருக்குச் சின்ன வயசிலிருந்தே மிளகு என்றால் உயிர். மிளகுக்குச் சீனப் பெயரே 'அந்நிய நாட்டு மிளகு' என்ற பொருளில்தான் இருக்கும். கடல் வழியாக வந்து சேர்ந்த சரக்கு. அவருக்கு வருஷா வருஷம் கண் நோயும் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. ரொம்ப நாள் கழித்துச் சந்தேகம் வந்து மிளகை அடியோடு விட்டார். கண் நோய் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மிளகு வாயில் போட்டாலும் கண் மங்கி உறுத்தியது என்கிறார்.

டீயும் அப்படித்தான். இளமையில் புது டீத்தூள் வந்தால் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பார். லேசாக வியர்த்து உடம்பு இதமாக இருக்கும். நடுவயதில் இரைப்பை பலவீனமானதும் அதே டீ ஆகாமல் போனது. குமட்டல் வரும், இல்லையென்றால் வயிறு குளிர்ந்து பேதியாகும்.

இஞ்சியை அவர் வானளாவப் புகழ்ந்தார். பச்சையாகத் தின்னலாம், வேகவைக்கலாம், வினிகர், உப்பு, தேன் எதில் வேண்டுமானாலும் ஊறவைக்கலாம், காயாகவும் ஆகும் மருந்தாகவும் ஆகும் என்றார். விடியற்காலையில் பனியில் வெளியே போகிறவர்கள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். கூடவே எச்சரிக்கையும் எழுதினார். நீண்ட நாள் அதிகமாகத் தின்றால் சூடு சேர்ந்து கண்ணைக் கெடுக்கும். மூலம் இருப்பவர்கள் மதுவோடு சேர்த்துத் தின்றால் உடனே தொல்லை கிளம்பும். இதைப் பலமுறை சோதித்துப் பார்த்தே சொல்வதாகவும் குறிப்பிட்டார்.

மிளகுதான் கண்ணைக் கெடுத்தது என்று இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு மனிதர் தன் மீது செய்துகொண்ட சோதனை அது. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தனக்குப் பிடித்த பொருளையே சந்தேகப்பட்டு, நிறுத்திப் பார்த்து, மறுபடி சாப்பிட்டுப் பார்த்து, நடந்ததை எழுதிவைத்தார். ஒருத்தருக்கு நல்லது இன்னொருத்தருக்கு ஆகாமல் போகலாம், நேற்று ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் அதில் சொல்லிவிட்டார்.

சின்னச் சின்ன உபாதைகளுக்கு என்ன சொன்னார்?

சீன வைத்தியத்தின் அடிப்படைக் கணக்கு நமக்குப் புரியாத ஒன்றல்ல. பொருட்களுக்குச் சூடு, வெதுவெதுப்பு, இளங்குளிர்ச்சி, குளிர்ச்சி என்று நான்கு குணங்கள் உண்டு. புளிப்பு, கசப்பு, இனிப்பு, காரம், உப்பு என்று ஐந்து சுவைகள். குளிரால் வந்த நோய்க்குச் சூடான பொருள், சூட்டால் வந்ததற்குக் குளிர்ச்சியான பொருள். அதனால் எல்லாச் சளிக்கும் ஒரே மருந்து கிடையாது. உடம்பு நடுங்குகிறதா, கொதிக்கிறதா, வியர்க்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குளிர்க் காற்று பட்டு வந்த சளிக்கு இஞ்சி, வெங்காயத் தாளின் வெள்ளைத் தண்டு, துளசி குடும்பத்தைச் சேர்ந்த பெரில்லா இலை ஆகியவை சொல்லப்பட்டன. உடம்பை வியர்க்கவைத்து நோயை வெளியேற்றுவது நோக்கம். வெங்காயத் தண்டையும் புளிக்கவைத்த சோயாவையும் சேர்த்துக் காய்ச்சும் கஷாயம், லீ ஷிஜென்னுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இருந்த வழக்கம். மீன், நண்டு சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனால் அதற்கும் பெரில்லா. தலைவலி, தொண்டைக் கரகரப்புக்குப் புதினா இனம். வெயில் சூட்டுக்குப் பாசிப்பயறு. வயிற்று உப்புசத்துக்குக் காயவைத்துப் பழசாக்கிய ஆரஞ்சுத் தோல்.

நூலில் கஞ்சிக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. இஞ்சிக் கஞ்சி, பாசிப்பயறுக் கஞ்சி, தாமரை விதைக் கஞ்சி என்று டஜன் கணக்கில் அடுக்கி, எது எதற்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சீன அரிசிக் கஞ்சிக்கு இன்று ஆங்கில உணவகப் பட்டியல்களில் 'காஞ்ஜி' என்று பெயர். நம் 'கஞ்சி' என்ற தமிழ்ச் சொல்தான் கப்பலேறி அங்கே போயிருக்கிறது.

துணிகளைப் பற்றிய பகுதியில் இன்னொரு குறிப்பு. ஊரில் தொற்றுநோய் பரவும்போது, வீட்டில் முதலில் படுத்தவரின் துணிகளை ஆவியில் வேகவைத்தால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்கிறார். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது.

தான் பார்த்த நோயாளிகளையும் இடையிடையே எழுதினார். ஓர் இளவரசரின் பேரன், விளக்குத் திரியில் கருகி நிற்கும் கரியைத் தின்ன ஆசைப்பட்டு, அதன் வாசனை வந்தாலே அழுவான். பல்பமும் மண்ணும் தின்னும் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. லீ ஷிஜென் இதை வயிற்றுப் பூச்சியின் வேலை என்று எடுத்துக்கொண்டு பூச்சி மருந்து கொடுத்தார், சரியானது.

இன்னொருவர் 60 வயது தாண்டிய மூதாட்டி. ஐந்து ஆண்டுகளாக இளகிய மலம். எண்ணெய்ப் பலகாரமோ குளிர்ந்த உணவோ சாப்பிட்டால் வயிற்று வலி. மற்ற வைத்தியர்கள் மலத்தைக் கட்ட மருந்து கொடுத்தார்கள், நோய் கூடியது. இவர் நாடி பார்த்துவிட்டு, உள்ளே பழைய தேக்கம் இருக்கிறது, அதை வெளியேற்றினால்தான் நிற்கும் என்று முடிவு செய்தார். நேர்வாளத்தை மெழுகில் உருட்டிக் கொடுத்தார். பேதிக்காரருக்குப் பேதி மருந்து! இரண்டு நாளில் நின்றது. நேர்வாளம் கடும் நஞ்சு. இதை இங்கே சொல்வது யாரும் செய்து பார்ப்பதற்காக அல்ல. வயிற்றுப்போக்கு என்ற ஒரே பெயருக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கும் என்று அவர் பார்த்தார் என்பதைச் சொல்வதற்காக.

அச்சகம் தேடி அலைந்த கடைசி ஆண்டுகள்

1578இல் நூல் முடிந்தது. 52 பாகங்கள். தண்ணீர், நெருப்பு, மண்ணில் ஆரம்பித்து, உலோகம், மூலிகை, தானியம், காய்கறி, பழம், மரம், துணி, பூச்சி, மீன், பறவை, விலங்கு என்று ஏறி, மனிதனில் முடியும் 16 பிரிவுகள். 374 பொருட்கள் எந்தப் பழைய மருந்து நூலிலும் இல்லாமல் அவரே புதிதாகச் சேர்த்தவை. மருந்துக் குறிப்புகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அவர் திரட்டியவை. நோயின் பெயரை வைத்து மருந்தைத் தேட முதல் பாகங்களிலேயே பட்டியலும் கொடுத்திருந்தார். இஞ்சி காய்கறிப் பிரிவுக்கு இடம் மாறியிருந்தது.

ஆனால் யார் அச்சடிப்பது? எழுத்துகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களையும் மரப்பலகைகளில் செதுக்க வேண்டும். செலவு மலையளவு. எழுதியவரோ கிராமத்து வைத்தியர்.

பிரபலமான ஒருவர் முன்னுரை கொடுத்தால் அச்சகத்தார் முன்வருவார்கள் என்று 1580இல் தைசாங் ஊருக்குப் போய், அன்றைய இலக்கிய உலகின் பெரிய புள்ளியைச் சந்தித்தார். அவர் பெயரும் ஷிஜென்தான், வாங் ஷிஜென். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. முன்னுரை கைக்கு வந்தது 1590இல். பத்து ஆண்டு காத்திருப்பு.

அதன் பிறகுதான் நான்ஜிங்கைச் சேர்ந்த ஹூ செங்லோங் என்ற பதிப்பாளர் வேலையை எடுத்தார். பலகைகள் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், 1593இல் லீ ஷிஜென் காலமானார். நூல் முழுமையாக வெளியானது 1596இல். அதே ஆண்டு மகன் லீ ஜியான்யுவான் ஒரு பிரதியை வான்லி பேரரசருக்கு அனுப்பினார். நூல் பார்வைக்கு இருக்கட்டும், சடங்குத் துறைக்குத் தகவல் தெரியட்டும் என்று ஒரு குறிப்பு வந்தது. அதோடு சரி.

அரசு கைவிட்டாலும் வைத்தியர்கள் கைவிடவில்லை. 1603இல் ஜியாங்சியில் மறுபதிப்பு வந்தது. 1607க்குள் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஆட்சியாளர் தோகுகாவா இயேயாசுவின் கைக்கும் போனது. 1735இல் பாரிஸில் வெளியான நூலொன்றில் இதன் பகுதிகள் பிரெஞ்சில் வந்தன. 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இந்த நூலின் முதல் பதிப்பைச் சேர்த்தது.

இன்று இதில் எதை எடுத்துக்கொள்வது?

நூலில் இருப்பதெல்லாம் சரியில்லை. அழுகிய புல்லிலிருந்து மின்மினி பிறக்கும் என்பது மாதிரியான அந்தக் கால நம்பிக்கைகளும் உள்ளே இருக்கின்றன. எறும்புத்தின்னியின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர், அதன் செதில் தாய்ப்பால் சுரக்க உதவும் என்ற வழக்கத்தைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். செதிலுக்கு அப்படி எந்தக் குணமும் நிரூபிக்கப்படவில்லை, வேட்டையில் அந்த விலங்கினம் அழியும் நிலைக்கு வந்ததுதான் மிச்சம். 2020இல் சீனா தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது.

தேறியவையும் உண்டு. கர்ப்பிணிகளின் குமட்டலை இஞ்சி ஓரளவு குறைக்கும் என்பதை இன்றைய ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. மலேரியாக் காய்ச்சலுக்கு அவர் குறிப்பிட்ட 'சிங்ஹாவ்' செடியிலிருந்து எடுத்த ஆர்ட்டிமிசினின் இன்று உலகெங்கும் உயிர்களைக் காக்கிறது. 4ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்து அதைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய குறிப்பு வழிகாட்டியது. மருந்தாக்கியது ஆய்வுக்கூடம்.

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்ற அவருடைய கவலை இன்னும் பழசாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில், 'ஃபாங்ஜி' என்ற பெயரில் வரவேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட வேறொரு செடி சேர்ந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைப் பாதித்தது. பலருக்கு டயாலிசிஸ் வரை போனது. மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

அதனால் இஞ்சிக் கஷாயம், புதினா, கஞ்சி என்று சாப்பாட்டோடு சாப்பாடாக இருப்பவை சாதாரண சளிக்கும் அஜீரணத்துக்கும் இதமாக இருக்கலாம், தப்பில்லை. சாப்பிடும்போது தனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கவனிக்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்த வேர், பொடி, மாத்திரைகளை ஆன்லைனில் பார்த்து வாங்கிச் சாப்பிடுவது வேறு விஷயம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளக்கூடாது. மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்தம் கலந்த மலம் இதெல்லாம் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.